ஓதுவார் பகுப்பும் தேடுவார் பகுப்பும்

வீட்டில் குடியிருப்பவர்க்கு அதன் தூண்கள் கண்ணில் படுவதில்லை. அதுபோலவே மறைநூலை நாள்தோறும் ஓதுபவர்க்கு அதன் பகுப்பு கருத்தில் நிற்பதில்லை. நூலின் ஒரு பகுதியை விரைந்து தேடவேண்டி வரும்போதுதான், இதை எவர் எவ்வாறு பகுத்தார், ஏன் அவ்வாறு பகுத்தார் என்னும் வினா எழுகிறது. அவ்வினா நம் உள்ளத்தில் எழுந்த நாளை இன்றும் மறக்க இயலவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து இரவொன்றில், தில்லி மாநகரின் கரோல்பாக் பகுதியில் நம் அண்டை வீட்டுப் பெரியவர் காலமானார். திருவையாற்றில் பிறந்து, இளமையிலேயே அரசுப் பணிக்காக வடக்கே வந்து, இங்கேயே முதுமை எய்தியவர் அவர். தமக்கையார் முற்றத்தில் அமர்ந்திருந்தார். நம்மைக் கண்டதும், "தம்பி, அவன் பிறந்த மண்ணின் பதிகம் ஒன்றைப் பாடி அனுப்பி வையுங்கள்" என்றார். அலமாரியில் தேவாரத் தொகுதிகள் இருந்தன. எடுத்துப் புரட்டினோம். பக்கத்துக்குப் பக்கம் பண்களின் பெயர்களே வந்தன. ஊர்ப்பெயரைக் கொண்டு தேடுவதற்கு உதவும் அடைவு நூலின் கடைசியில் இருந்திருக்க வேண்டும். பல்லாண்டுகள் கைபட்டு அவ்வேடுகள் கிழிந்து போயிருந்தன. மூவரும் பாடிய தலம் திருவையாறு, பதிகங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அந்த அரைமணி நேரத்தில் ஒன்றும் நம் கைக்கு அகப்படவில்லை. இறுதியில் அம்மூதாட்டியே கண்ணை மூடிக்கொண்டு, நடுங்கும் குரலில், நூலின் துணையின்றிப் பாடத் தொடங்கினார்.

அன்று அந்நூலின்மீது நமக்குச் சினம் எழுந்தது. பின்னர் அமைதியாக எண்ணிப் பார்த்தபோது பிழை நூலினுடையதன்று என்பது விளங்கிற்று. அந்நூல் பண்ணறிந்து பாடும் ஓதுவாருக்காக ஒழுங்கு செய்யப்பட்டது. நாமோ ஊரறிந்து தேட முற்பட்டோம். ஓதுவார்க்கு ஒரு பகுப்பு, தேடுவார்க்கு மற்றொரு பகுப்பு என மறைநூல்களின் வரலாறு நெடுகிலும் இருவகைத் தேவைகள் ஒன்றையொன்று நெருக்கியும் திருத்தியும் வந்துள்ளன. இவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ரிக் வேதத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பகுப்புகள் உண்டு. ஒன்று மண்டலப் பகுப்பு: 10 மண்டலங்கள், அவற்றில் வாலகில்யம் எனப்படும் 11 சூக்தங்களையும் சேர்த்து 1,028 சூக்தங்கள். மற்றொன்று அஷ்டகப் பகுப்பு: 8 அஷ்டகங்கள், ஒவ்வோர் அஷ்டகத்துக்கும் 8 அத்தியாயங்களாக மொத்தம் 64 அத்தியாயங்கள், அத்தியாயங்களின் உட்பிரிவு வர்க்கங்கள். மண்டலப் பகுப்பு நூலின் பிறப்பைக் காட்டுவது. 2 முதல் 7 வரையுள்ள மண்டலங்கள் கிருத்சமதர், விசுவாமித்திரர், வாமதேவர், அத்திரி, பரத்துவாசர், வசிட்டர் ஆகியோரின் குடிகளுக்கு உரியன. 9-ஆம் மண்டலம் முழுவதும் சோமனைப் பற்றியது. அஷ்டகப் பகுப்போ பிறப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மாணவன் ஓரிடத்தில் அமர்ந்து பாடம் கேட்கும் அளவு எவ்வளவு என்பதே அதன் கணக்கு. ஏறக்குறைய ஐந்து மந்திரங்கள் ஒரு வர்க்கம். முதல் சூக்தத்தில் 9 மந்திரங்கள் உள்ளன; அஷ்டகப் பகுப்பு அதனை ஐந்தும் நான்குமாக இரண்டு வர்க்கங்களாக்கிவிடுகிறது. பொருளில் ஒன்றாய் இருப்பது பாடத்தில் இரண்டாகிறது. ஓதுவாருக்கு அதனால் இழப்பில்லை; மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பொருளைத் தேடுவாருக்குத்தான் அது தடை.

மண்டலப் பகுப்பின் உள்ளேயும் ஓர் ஒழுங்கு மறைந்துள்ளது. குடிகளுக்குரிய மண்டலங்களில் முதலில் அக்கினியைப் பற்றிய சூக்தங்கள், அடுத்து இந்திரனைப் பற்றியவை, பின்னர் ஏனைய தேவர்களைப் பற்றியவை எனத் தொகுதிகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு தொகுதியிலும் மந்திரங்களின் எண்ணிக்கை மிகுந்த சூக்தம் முன்னும் குறைந்த சூக்தம் பின்னுமாக நிற்கும். ஜெர்மானிய அறிஞர் ஓல்டன்பெர்க் 1888-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இவ்வொழுங்கை விரிவாக ஆராய்ந்து, இதற்கு மாறாக நிற்கும் சூக்தங்கள் பின்னர்ச் சேர்ந்தவையாகவோ பல சூக்தங்கள் ஒன்றாக இணைந்தவையாகவோ இருக்கலாம் எனக் காட்டினார். எழுதா மறையைத் தொகுத்தவர்கள் எண்ணிக்கையையே வேலியாக வைத்துச் சென்றனர். பல நூற்றாண்டுகள் கழிந்த பின் எங்கே வேலி தாண்டப்பட்டது என்பதை அவ்வேலியே காட்டிக்கொடுத்தது.

நோக்குநூல் என்பது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்தது என்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. காத்தியாயனர் இயற்றிய சர்வானுக்கிரமணி என்னும் நூல், ரிக் வேதத்தின் ஒவ்வொரு சூக்தத்துக்கும் அதன் முதற்சொல், மந்திரத் தொகை, முனிவர், தேவதை, யாப்பு ஆகியவற்றைச் சூத்திர வடிவில் நிரல்படத் தருகிறது. முதற்சொல்லால் சூக்தத்தை அடையாளம் காணலாம். தொகையால் குறைவு மிகுதிகளைச் சரிபார்க்கலாம். நூலின் ஒரு சொல்லையும் மாற்றாமல், ஒன்றையும் வெட்டாமல், நூலுக்கு வெளியே நின்று நூலைக் காட்டும் கருவி இது. நல்ல அடைவு எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் பழைய சான்று கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் மிகுதியாக ஓதப்பெறும் கிருஷ்ண யஜுர் வேதத்தில் மற்றொரு விந்தை உண்டு. தைத்திரீய சம்ஹிதை 7 காண்டங்களாகவும் 44 பிரசினங்களாகவும் 651 அனுவாகங்களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. அனுவாகத்தின் உள்ளே ஐம்பது பதங்களுக்கு ஒன்றாக எண்ணி வைத்துள்ளனர். நம் வேதபாடசாலைகளில் இதனைப் 'பஞ்சாதி' என்பர். ஐம்பதாம் பதம் வாக்கியத்தின் நடுவில் விழுந்தாலும் பஞ்சாதி அங்கேயே முடியும். பொருள் நோக்கில் இது வெட்டு. காவல் நோக்கில் இது பூட்டு. அனுவாகத்தின் இறுதியில் ஒவ்வொரு பஞ்சாதியின் கடைச் சொற்களையும், எஞ்சிய பதங்களின் தொகையையும் வரிசையாகச் சொல்லி முடிப்பது மரபு. ஒரு பதம் தவறினாலும் கணக்கு உதைக்கும். அச்சும் ஏடும் இன்றி ஒரு பெருநூலைக் காத்தவர்கள், பகுப்பை அழகுக்காகவோ விளக்கத்துக்காகவோ செய்யவில்லை. இழப்பு நேராமைப் பொருட்டே செய்தனர்.

இனி மேற்கே நோக்குவோம். விவிலியத்தை இன்று எவரும் அதிகாரமும் வசனமும் சொல்லியே மேற்கோள் காட்டுவர். ஆனால் அவ்வெண்கள் மூலநூலாசிரியர்கள் இட்டவை அல்ல. எபிரேய வேதத்தில் வசனங்கள் முடியும் இடத்தை ஓதுவோர் தொன்றுதொட்டே குறித்து வந்தனர். தொடர் எண்கள் இல்லை. இன்று வழங்கும் அதிகாரப் பகுப்பு, பாரிஸில் ஆசிரியராயிருந்து பின்னர்க் காண்டர்பரிப் பேராயராகிய ஸ்டீபன் லாங்டன் என்பவரால் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. பல ஊர்களிலிருந்து பல்வேறு படிகளோடு வந்த மாணவர்க்கு ஒரே இடத்தைக் காட்டுவதற்குப் பொதுவான எண் வேண்டியிருந்தது. அதே நூற்றாண்டின் 1230-களில், பாரிஸிலிருந்த டொமினிக்கன் துறவியர் ஹ்யூ என்பவரின் தலைமையில் இலத்தீன் விவிலியத்துக்குச் சொல்லடைவு தொகுத்தனர். அதிகாரம் மட்டும் போதாமையால், ஒவ்வோர் அதிகாரத்தையும் மனத்தளவில் ஏழு கூறாக்கி, நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துகளால் குறித்தனர். ஏட்டில் ஒரு கோடும் இழுக்காமல், இடத்தை மட்டும் சுட்டிய நயமான முறை அது.

இன்று வழங்கும் வசன எண்கள், அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன் 1551-இல் ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் தோன்றின. பாரிஸிலிருந்து லியோனுக்குச் செல்லும் பயணத்தின்போது அவர் இப்பகுப்பைச் செய்தார் என்று அவர்தம் மகன் எழுதிவைத்தார். குதிரை இடறிய இடங்களில் எல்லாம் வசனம் முறிந்தது போலும் எனப் பிற்காலத்தார் எள்ளி நகையாடினர். எண்ணால் விளைந்த நன்மை அளவிறந்தது. ஆயினும் தீமையும் உடன் வந்தது. ஆதியாகமத்தில் உலகப் படைப்பின் ஆறு நாட்களும் முதல் அதிகாரத்தில் அடங்க, இறைவன் ஓய்ந்திருந்த ஏழாம் நாள் இரண்டாம் அதிகாரத்துக்குத் தள்ளப்பட்டது. ஏழு நாள் வாரத்தின் முடிமணி, வாரத்தினின்றும் வேறாக நிற்கிறது. வசனம் ஒவ்வொன்றும் தனி வரியாக அச்சிடப்பட்டபோது, தொடர்ந்து செல்லும் வாதம் துண்டு துண்டான பொன்மொழிகளாகத் தோற்றமளித்தது. பவுலின் நிருபங்கள் இங்ஙனம் நறுக்கப்படுவதால் மக்கள் அவற்றின் போக்கை அறியாது போகின்றனர் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் வருந்தி எழுதினார். அது அவர் மறைவுக்குப் பின் 1707-இல் வெளிவந்தது. 1881-இல் திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டவர்கள், நூலைப் பத்திபத்தியாக அச்சிட்டு வசன எண்ணை ஓரத்தில் வைத்தனர். எண்ணும் இழக்கப்படவில்லை; தொடர்ச்சியும் அறவில்லை. ஓதுவாரும் தேடுவாரும் ஒரே பக்கத்தில் அமைதியாகக் குடியிருக்க வழி பிறந்தது.

திருக்குர்ஆனில் இவ்விருவகைப் பகுப்பும் ஒரே ஏட்டில் காணப்படும். 114 சூராக்களும் அவற்றின் ஆயத்துகளும் நூலின் இயல்பான உறுப்புகள். அவற்றின்மேல், மாதம் முழுவதும் நாளொன்றுக்கு ஒரு பகுதியாக ஓதி முடிப்பதற்கு 30 ஜுஸ்வுகளும், வாரத்தில் ஓதி முடிப்பதற்கு 7 மன்ஸில்களும் வகுக்கப்பட்டுள்ளன. நம் நாட்டுப் பதிப்புகளின் ஓரத்தில் ருகூஉ அடையாளமும் உண்டு. ஆயத்துகளை எண்ணுவதில் பழைய நகரங்களிடையே வேறுபாடு இருந்தது. சொல் ஒன்றே, நிறுத்தும் இடமே வேறு. கூஃபா நகர மரபின்படி தொகை 6,236. ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் ஃப்ளூகல் என்பவரின் 1834-ஆம் ஆண்டுப் பதிப்பின் எண்களைக் கையாண்டனர். அவ்வெண்கள் இசுலாமிய உலகின் மரபோடு பல இடங்களில் ஒத்துவரவில்லை. 1924-இல் கெய்ரோவில் வெளியான பதிப்பு கூஃபா எண்ணைப் பின்பற்றியது. அதுவே நாளடைவில் பொதுவழக்காயிற்று. பழைய ஆராய்ச்சி நூல்களைக் கற்போர் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளாவிடில் ஒரு வசனத்துக்கு வேறொன்றைக் காண்பர்.

இப்பொழுது நம் அண்டை வீட்டு நூலுக்கு வருவோம். தில்லியிலும் பஞ்சாபிலும் வாழும் தமிழர் குருத்வாராக்களைக் காணாத நாளில்லை. அங்கே அரியணையில் வீற்றிருக்கும் குரு கிரந்த சாகிபு, 1604-இல் குரு அர்ஜுன் தொகுத்த நூலின் நிறைந்த வடிவம். அதன் பெரும்பகுதி ராகங்களின் முறையில் அமைந்தது, ராகங்கள் 31. ஒரு ராகத்துக்குள் முதலில் குருமார்களின் பாடல்கள்; பின்னர்க் கபீர், நாமதேவர், ரவிதாசர் முதலிய அடியார்களின் பாடல்கள். குருமார் அனைவரும் தம் பாடல்களில் நானக் என்னும் பெயரையே முத்திரையாக வைத்தனர். ஆகவே எது எவருடையது என்பதை அறிவதற்கு 'மஹலா' என்னும் சொல்லும் அதன் எண்ணும் தலைப்பில் இடப்பட்டுள்ளன. ஒவ்வொரு பாடலின் இறுதியிலும் தொகை எண்கள் ஏறிக்கொண்டே வரும். இடையே ஒன்றைச் செருகினால் கணக்கு காட்டிக்கொடுக்கும். பஞ்சாதியின் காவலும் இதுவும் ஒரே அறிவின் இரு வெளிப்பாடுகள்.

அச்சு வந்த பின் பஞ்சாபியர் மற்றோர் ஒழுங்கையும் செய்தனர். நூலை 1,430 பக்கங்களுக்குள் வரையறுத்து, எப்பதிப்பிலும் குறித்த பக்கம் குறித்த சொல்லில் தொடங்கிக் குறித்த சொல்லில் முடியுமாறு அமைத்தனர். பக்கத்தைப் பக்கம் என்று சொல்லாமல் 'அங்கம்', அதாவது உறுப்பு, என்றே வழங்குவர். பாடகருக்கு ராகம்; தேடுவாருக்கு அங்க எண். இருவரும் ஒரே நூலில் தத்தம் வழியே செல்கின்றனர். பழைய ஏடுகளில் சொற்களுக்கிடையே இடைவெளியின்றித் தொடராக எழுதுவதே வழக்கம். சொற்பிரித்து அச்சிடும் முறை பரவியபோது, பிரிக்கும் இடத்தால் பொருள் மாறுமே என்ற அச்சமும் எழுந்தது. அவ்வச்சம் தமிழருக்குப் புதிதன்று. சீர் பிரித்து அச்சிடுவதா, சந்தி பிரித்து அச்சிடுவதா என்று நம் பதிப்பாசிரியர்களும் வாதிட்டவர்களே.

ராகமுறையில் அமைந்த அந்நூலைக் கண்டபோதுதான் நம் தேவாரத் தொகுதி நமக்குப் புரியத் தொடங்கிற்று. முதலாம் இராசராசன் காலத்தில் தில்லைக் கோயிலில் அடைபட்டுக் கிடந்த ஏடுகளை மீட்டு, நம்பியாண்டார் நம்பி திருமுறைகளாக வகுத்தார் என்று மரபு கூறும். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த பெண்மணி ஒருவர் பண்களை முறைப்படுத்திக் கொடுத்தார் என்பதும் அம்மரபே. சம்பந்தர் பாடல்கள் முதல் மூன்று திருமுறைகள். நாவுக்கரசர் பாடல்கள் அடுத்த மூன்று. சுந்தரர் பாடல்கள் ஏழாவது. முதல் திருமுறையில் நட்டபாடை, தக்கராகம், பழந்தக்கராகம், தக்கேசி, குறிஞ்சி எனப் பண்கள் வரிசையாக வருகின்றன. திருவையாற்றுப் பதிகங்கள் பல தொகுதிகளில் பல பண்களுக்குள் சிதறிக் கிடப்பது இதனாலேயே. இதனைப் பண்முறை என்பர்.

மற்றொன்று தலமுறை. சிதம்பரத்தை முதலாகக் கொண்டு, காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127, ஈழநாட்டில் 2, பாண்டிநாட்டில் 14, மலைநாட்டில் 1, கொங்குநாட்டில் 7, நடுநாட்டில் 22, தொண்டைநாட்டில் 32, துளுவநாட்டில் 1, வடநாட்டில் 5 என 274 தலங்களை நடந்து செல்லும் வழியாகவே அது வகுக்கிறது. ஒரு தலத்துக்கு மூவரும் பாடியவை அனைத்தும் ஓரிடத்தில் நிற்கும். யாழ்ப்பாணத்துச் சுவாமிநாத பண்டிதர் 1911-இல் வெளியிட்ட அடங்கன்முறைப் பதிப்பு இம்முறையைப் பின்பற்றியது. அன்று இரவு அலமாரியில் அது இருந்திருப்பின் ஒரு நொடியில் பதிகம் கிடைத்திருக்கும். ஆனால் எப்பண்ணில் பாடுவது என்ற அறிவு பின்னுக்குப் போயிருக்கும். பண்முறையில் இசை வாழ்கிறது. தலமுறையில் ஊர் வாழ்கிறது. பெரியபுராணத்தைத் துணைக்கொண்டு, நாயன்மார் பாடிச் சென்ற நிகழ்ச்சிகளின் வரிசையில் வைக்கும் வரலாற்று முறையும் உண்டு. அதில் அடியாரின் வாழ்வு வாழ்கிறது. மூன்றும் மெய்யானவை. ஒன்றைக் கொள்ளும்போது மற்ற இரண்டையும் அடைவாகப் பின்னிணைப்பதே பதிப்பாசிரியரின் கடமை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்கள் 2007-இல் வெளியிட்ட கணினித் தேவாரத்தில் இவ்வழிகளுள் எதன் வாயிலாகவும் நுழைய இயலும்.

தேவாரத்தின் உள்ளமைப்பே ஒரு நோக்குநூலின் தெளிவு உடையது. சம்பந்தர் பதிகங்கள் பலவற்றில் எட்டாம் பாட்டு இராவணனைக் குறிக்கும். ஒன்பதாம் பாட்டு அரியும் அயனும் தேடியதைக் குறிக்கும். பத்தாம் பாட்டு சமண சாக்கியரைக் குறிக்கும். இறுதிப் பாட்டில் அவர் பெயரும் ஓதுவார் பெறும் பயனும் வரும். ஆகவே ஏட்டில் பாட்டொன்று செல்லரித்துப் போனால், போனது எத்தனையாவது என்று சொல்லிவிடலாம். பல பதிகங்களில் ஏழாம் பாட்டு கிடைக்கவில்லை. நம் பதிப்பாசிரியர்கள் எட்டாவதை ஏழாவதாக்கி இடைவெளியை மூடவில்லை. ஏழென்னும் எண்ணை இட்டு, பாட்டு சிதைந்தது என்று குறிப்பெழுதி, அடுத்ததை எட்டு என்றே தொடர்ந்தனர். இல்லாத பாட்டுக்கும் இருக்கை விட்டு வைத்த அந்நேர்மை போற்றத்தக்கது. அவ்வாறே, ஏடுகளில் இல்லாமல் கல்வெட்டில் கண்டெடுக்கப்பட்ட திருவிடைவாய்ப் பதிகத்தை இடையில் நுழைத்துப் பிற எண்களைக் குலைக்காமல், மூன்றாம் திருமுறையின் இறுதியில் சேர்த்தனர். சம்பந்தர் சோதியில் கலந்தபோது பாடிய நல்லூர்ப்பெருமணப் பதிகத்துக்குப் பின்னால் அது நிற்பது வரலாற்றுக்கு ஒவ்வாததே. ஆயினும் முந்தைய நூல்கள் காட்டிய மேற்கோள்கள் எல்லாம் பிழையின்றி நிலைத்தன.

எண் நிலையாவிடில் என்ன நேரும் என்பதை நாம் நம் பணியிலேயே கண்டோம். மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்த முதல் ஆண்டுகளில், இந்தியில் அமைந்த சிறுநூலொன்றைத் தமிழாக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அதில் பகவத் கீதையின் 13-ஆம் அத்தியாயத்து 28-ஆம் சுலோகம் மேற்கோளாக இருந்தது. நாம் நம் மேசைமேலிருந்த தமிழுரைப் பதிப்பைத் திறந்து 28-ஆம் எண்ணின் பொருளை எடுத்து எழுதினோம். அச்சும் ஆயிற்று. சில வாரங்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. மூலத்தில் சுட்டிய சுலோகம் எல்லா உயிரிலும் இறைவன் சமமாக நிற்பதைக் கூறுவது. நாம் தந்தது, அவ்வாறு காண்பவன் தன்னைத் தானே அழித்துக்கொள்வதில்லை என்று கூறும் அடுத்த சுலோகம். காரணம் எளிது. சில பதிப்புகளில் அவ்வத்தியாயத்தின் தொடக்கத்தில் அர்ஜுனன் வினவுவதாக ஒரு சுலோகம் மிகுதியாக உள்ளது. அதனைச் சேர்த்தால் அத்தியாயத்தில் 35, சேர்க்காவிடில் 34. நூல் முழுவதும் 701 அல்லது 700. இரு சுலோகங்களும் 'சமம்' என்ற ஒரே சொல்லில் தொடங்குவதால் நம் கண்ணும் ஏமாந்தது. ஒன்றன் பிழை அடுத்தடுத்த எண்களுக்கெல்லாம் பரவும் என்பதை அன்று கற்றோம். அவ்வட்டையை இன்றும் அகராதிக்குள் வைத்திருக்கிறோம்.

கீதையைத் தன்னுள் கொண்ட மகாபாரதத்தில் இச்சிக்கல் இன்னும் பெரிது. 1834 முதல் 1839 வரை வெளிவந்த கல்கத்தாப் பதிப்பு ஒவ்வொரு பருவத்துக்கும் சுலோகங்களைத் தொடர்ச்சியாக எண்ணிற்று. பம்பாய்ப் பதிப்போ அத்தியாயந்தோறும் ஒன்றிலிருந்து எண்ணிற்று. டேனிஷ் அறிஞர் சோரன்சன் தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1904 முதல் 1925 வரை வெளிவந்த பெயரடைவில், ஒரு பதிப்பின் எண்ணை மற்றதன் எண்ணோடு பொருத்திக் காட்டும் அட்டவணை தேவையாயிற்று. புனேயில் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவேற்றிய ஆராய்ச்சிப் பதிப்பில் எண்கள் மீண்டும் மாறின. வழக்கிலுள்ள பதிப்பில் வீட்டும பருவத்தின் 25 முதல் 42 வரையுள்ள அத்தியாயங்கள் கீதை. ஆராய்ச்சிப் பதிப்பில் அவையே 23 முதல் 40 வரை. பதிப்பின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தருவது, தெருப்பெயர் சொல்லாமல் வீட்டெண் தருவதற்கு ஒப்பாகும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் சில. நூல் தனக்கென வகுத்துக்கொண்ட எல்லைகளை முதலில் மதிக்கவேண்டும். பதிகம் பதிகமாகவும் சூக்தம் சூக்தமாகவும் நிற்கட்டும். தேடுவதற்கான எண் ஓரத்தில் நிற்கட்டும். அது நூலை அறுக்கும் கத்தியாகாமல் நூலின் இடத்தைச் சுட்டும் விரலாக இருக்கட்டும். ஒருமுறை இட்ட எண் பின்னர் மாறலாகாது. இழந்த பாட்டுக்கும் அதன் எண் உரியது. மேற்கோள் காட்டுவோர் எண்ணோடு பதிப்பின் பெயரையும், பாட்டின் முதல் இரு சொற்களையேனும் தருக. முதற்சொல் ஒன்று போதாது என்பதற்கு நம் பிழையே சான்று. மேலும், பகுதியொன்றைத் தனியே எடுத்துத் தரும் எவரும் அதற்கு முன்னும் பின்னும் என்ன உள்ளது என்பதைத் தாம் படித்த பின்னரே தரவேண்டும். ஏழாம் நாளை விட்டுவிட்டு வாரத்தைக் காட்டுவது வாரத்தைக் காட்டியதாகாது.

தாய்நாட்டினின்றும் தொலைவில் வாழும் நமக்கு இவை ஏட்டறிவு மட்டும் அல்ல. ஊரில் இருப்போருக்குக் கோயிலில் ஓதுவார் உண்டு. மூலையில் ஒரு பாட்டி உண்டு. கேள்வியே அவர்களுக்கு அடைவு. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வளரும் நம் குழந்தைகளுக்கு அந்தக் கேள்விச் செல்வம் குறைவு. அவர்கள் நூலையே நம்பவேண்டும். நூலோ தன் வழியை அறிந்தவருக்கே கதவு திறக்கும். ஆகவே இல்லத்தில் மறைநூல் எதுவாயினும், அதன் முன்னட்டையின் உட்புறத்தில் இது எம்முறையில் அமைந்தது, எவ்வடைவு எப்பக்கத்தில் உள்ளது என்று நான்கு வரி எழுதி வைப்பது நன்று. உங்கள் ஊர்ப் பதிகத்தின் எண்ணையும் முதற்குறிப்பையும் அங்கேயே எழுதுங்கள். குடும்பத்தார் விரும்பி ஓதும் பகுதிகளுக்கும் அவ்வாறே செய்யுங்கள்.

அப்பெரியவரின் தமக்கையார் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மறைந்தார். அதற்கு முன்னர் ஒருநாள், அவர் நினைவிலிருந்த ஐயாற்றுப் பதிகங்களின் முதற்குறிப்புகளை அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதிக்கொண்டோம். பின்னர் ஒவ்வொன்றுக்கும் திருமுறை எண்ணும் பண்ணும் தேடிப் பொருத்தினோம். கிழிந்துபோன அடைவின் இடத்தில் அத்தாளை ஒட்டி வைத்தோம். அவர் மறைந்த அன்று அந்நூலைத் திறந்தபோது, தேடவேண்டிய தேவை நேரவில்லை. அவருடைய பேத்தி ஒட்டிய தாளைப் பார்த்து எண்ணைச் சொன்னாள், பக்கத்தை எடுத்தோம், பதிகம் இருந்தது.